இரண்டு வீட்டு எண்ணெய்

அவளை எல்லோரும் ஊசி என்றே கூப்பிட்டார்கள். தையல்காரர் மகள் என்பது ஒரு காரணம், ஒல்லி உடம்பு இன்னொரு காரணம். வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்திவிடுவாள் என்பதுதான் உண்மைக் காரணம். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த மறுநாளே கிணற்றடியில் நின்ற ஆயில் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் எங்கப்பா தையல் மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? இது கொஞ்சம் அதிகமா சாப்பிடும், அவ்வளவுதானே?" என்று மாமனாரிடமே கேட்டாள். மாமனார் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து அந்த வீட்டில் அதிகம் பேர் பார்த்ததில்லை.

எஞ்சினுக்கு அப்போதே நல்ல வயது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் நெஞ்சுயரச் சக்கரங்கள், சூடு தணிக்கப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அது எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள்தான் மிச்சம். ஆனால் சரித்திரம் உடம்பிலேயே இருந்தது. மேலே பச்சைப் பெயிண்ட், சுரண்டினால் சிவப்பு, அதற்கும் கீழே சாம்பல். சாம்பல் நிறத்தில் அது ஒரு மரமில்லில் ரம்பம் ஓட்டியது. சிவப்பு நிறத்தில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர்களுக்கு விளக்கெரித்தது. மாமனார் இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் படம் பார்க்கப் போனவர், கூடாரத்துக்குப் பின்னால் இது ஓடுவதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். கதாநாயகி யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. கூடாரக்காரர்கள் தொழிலை மூட்டை கட்டியபோது முதல் ஆளாகப் போய் நின்று இதை வாங்கி வந்தார். பச்சைப் பெயிண்ட் அவர் அடித்தது. அதுவரை மழையை நம்பிக் கிடந்த மேட்டுக்காடு, இது வந்த பிறகுதான் தோட்டம் என்று பெயர் எடுத்தது.

மாமனார் கண்ணை மூடியதும் மகன்கள் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைக் கயிறு பிடித்து அளந்தாயிற்று. வீட்டைக் குறுக்கே அடைத்தாயிற்று. கிணறு சரியாக எல்லையில் இருந்ததால் அதைப் பொதுவில் விட்டார்கள். எஞ்சினை என்ன செய்வது? அறுத்து ஆளுக்குப் பாதி கொடுக்க அது பூசணிக்காய் இல்லையே. ஒரு நாள் பெரியவருக்கு, மறுநாள் சின்னவருக்கு என்று முறை வைத்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பெரியவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இவன் எண்ணெய் ஊத்தாமயே ஓட்டுவான். அப்பா மெஷினைக் கொன்னுடுவான்" என்றார்.

"நீ மட்டும் என்னவாம்? வடிச்ச பழைய எண்ணெயவே துணியில வடிகட்டித் திரும்ப ஊத்தற ஆளு" என்றார் சின்னவர்.

ஒரு டம்ளர் எண்ணெயில் ஆரம்பித்தது, யார் யாரை வளர்த்தது, யார் யார் சட்டையைப் போட்டுக்கொண்டது என்று வளர்ந்துகொண்டே போயிற்று. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எஞ்சினில் கழற்ற முடிந்த சாமான்களையும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பேனர்களெல்லாம் சின்னவர் வீட்டுக்குப் போயின. உள்ளே எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று விட்டுப் பார்க்கும் அளவுக் கம்பி பெரியவருக்குப் போயிற்று. அவர் அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கம்பி இல்லாமல் தம்பி எப்படி அளவு பார்ப்பான், ஸ்பேனர் இல்லாமல் அண்ணன் எப்படி எண்ணெய் மாற்றுவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். வீம்பு என்று வந்துவிட்டால் வளர்ந்த ஆண்களுக்குப் புத்தி எங்கே போகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கிணற்றடிக்குப் போனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிவரும். அதனால் இருவரும் அந்தப் பக்கமே போவதில்லை. எஞ்சின் ஓட்டும் வேலை மருமகள்கள் தலையில் விழுந்தது.

ஊசி ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். வால்வைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் வால்வை விட வேண்டும். அது இரண்டு முறை இருமும், ஒரு முறை செருமும், பிறகு 'டுக்கு டுக்கு' என்று நடக்க ஆரம்பிக்கும். காலையில் இருமாமல் எழுந்திருக்காது, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளும், தண்ணீர் தாமதமானால் கொதிக்கும். அதனால் அவளும் அவள் ஓரகத்தியும் அதற்கு மாமனார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புருஷன்மார் காதுபட அல்ல.

ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, ஊசிக்கு அக்கா. பஸ் டிரைவர் மகள், ஆகிருதியான உடம்பு, சிரித்தால் கிணற்றுக்குள்ளே எதிரொலிக்கும். ஒரு முறை முடிந்து அடுத்த முறை தொடங்க வேண்டுமானால் ஹேண்டில் கைமாற வேண்டும் அல்லவா? சாயங்காலமானதும் ஹேண்டிலைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், பேச்சுக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் உத்தரவு. ஆனால் ஹேண்டில் கொடுப்பது பேச்சில் சேராது என்று பெண்கள் இருவரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். விளிம்பில் வைத்துவிட்டு வர வேண்டிய ஹேண்டிலைக் கொடுக்க அவர்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

"இன்னைக்கு மாமனார் எப்படி?"

"காலைல கொஞ்சம் மூச்சு வாங்கினாரு. அப்புறம் சரியாயிட்டாரு."

இப்படித்தான் தொடங்கும். பிறகு பிள்ளைகளின் படிப்பு, அக்காவின் முழங்கால் வலி, ஊசி புதிதாகப் போட்ட நாற்றுப் பாத்தி என்று போகும். ஊசியின் அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்த சாயங்காலம் அக்கா வீட்டுக்குத் திரும்ப அவசரப்படவில்லை. ஹேண்டிலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இருட்டும் வரை. ஊசிக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டதில் தனக்குக் கிடைத்த பெரிய சொத்து இந்த அக்காதான் என்று அன்றைக்கு நினைத்தாள். பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

எல்லாம் பேசிய இருவரும் ஒன்றை மட்டும் பேசவே இல்லை. எண்ணெய்.

ஏனென்றால் சின்னவர் முதல் நாளே ஊசியிடம் சொல்லியிருந்தார்: "அங்க ஒரு சொட்டு ஊத்தியிருக்க மாட்டாங்க. நீ ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் ஊத்திடு." தையல் மெஷினுக்கு எண்ணெய் விடாமல் நூல் கோக்காத வீட்டில் வளர்ந்தவள். அவளுக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? 'நீங்க ஊத்தறதில்லைன்னு நான் ஊத்தறேன்' என்று சொன்னால் அந்த மனுஷி முகம் என்ன ஆகும்? சொல்லாமலே ஊற்றினாள். தன் முறை வந்த ஒவ்வொரு காலையும், யாரும் பார்க்காமல், ஒரு டம்ளர்.

எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து எப்போதும் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் பழைய பேக்கிங் இற்றுப்போயிருந்தது. தரை கறுத்து வழுவழு என்று கிடக்கும். பழைய எஞ்சின் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று ஊசி மணலை அள்ளிப் போடுவாள். அக்காவும் தன் முறையில் மணல் போடுவாள்.

ஒருநாள் அந்த எண்ணெயில் அக்கா வழுக்கி விழுந்து கை மணிக்கட்டு பிசகிவிட்டது. ஊசிக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து பேக்கிங்கை மாற்றினாள். தரை காய்ந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை அங்கேதான் தொடங்கியது.

கொஞ்ச நாளில் மாமனார் நீலமாகப் புகை விட ஆரம்பித்தார். நாளாக நாளாகப் புகை கூடியது. உலர்த்திய துணியெல்லாம் நாறியது. மெக்கானிக் தூரத்தில் நின்று பார்த்தே உதட்டைப் பிதுக்கினார்.

"ரிங் போச்சு. உள்ள எல்லாம் தேஞ்சிருக்கும். இந்த வயசுக்கு இதுக்குச் செலவு பண்றது வீண்."

மெக்கானிக் வாயால் அதைக் கேட்ட பெரியவர், அதே மெக்கானிக் வாயாலேயே தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், ஆளுக்கொரு கரண்டு மோட்டார், கிணற்றைப் பாதியாக அடைத்து நடுவில் ஒரு சுவர், இனி யாருக்கும் யாரோடும் ஒட்டு வேண்டாம் என்று. சின்னவர், "தாராளமா" என்று பதில் அனுப்பினார். அந்த வாரமே ஒரு லாரிச் செங்கல் வந்து கிணற்றடியில் அடுக்காக நின்றது.

ஊசி அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கணக்கைத்தான் போட்டாள். ஹேண்டில் இல்லை என்றால் அக்காவைப் பார்க்கக் காரணம் இல்லை. சுவர் வந்துவிட்டால் பார்க்க வழியும் இல்லை.

"என்னங்க, சுவர் எதுக்குங்க? மோட்டாரைப் போட்டுக்குங்க, வேண்டாங்கல. நடுவுல எதுக்கு அடைக்கணும்?"

"அவர் அடைக்கட்டும். எனக்கென்ன."

"எனக்கு இருக்குங்க."

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இவ்வளவு சின்னதாக ஒரு பதிலைச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரும்புக்காரர் வரும் நாள் ஊசியின் முறை. முந்தின சாயங்காலம் ஹேண்டில் கைமாற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா எஞ்சின் சக்கரத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் ஊசி எண்ணெய் டம்ளரோடு போனாள். கடைசித் தடவை அல்லவா, பாவம், வயிறாரக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினாள். பாத்திகள் எல்லாம் நனைய வேண்டும், தொட்டிகள் எல்லாம் நிரம்ப வேண்டும் என்று வேகத்தை ஏற்றி, வழக்கத்தைவிட நெடுநேரம் ஓட்டினாள். இரும்புக்காரர் வருவதற்காக அண்ணன் தம்பி இருவரும் அன்று தோட்டத்தில்தான் இருந்தார்கள். ஒருவர் கிழக்கே பார்த்துக்கொண்டு, இன்னொருவர் மேற்கே பார்த்துக்கொண்டு.

தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் ஊசி டீசலை அடைத்தாள். எஞ்சின் நிற்கவில்லை.

இன்னொரு முறை இழுத்து அடைத்தாள். நிற்பதற்குப் பதிலாக அது வேகமெடுத்தது. 'டுக்கு டுக்கு' என்ற நடை போய், ஒரே அலறலாக அலறியது. பெல்ட் கழன்று வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. இழுக்கப் பாரமில்லாமல் போனதும் அதற்கு இன்னும் வெறி பிடித்தது. நீலப் புகையில் கிணறு தெரியவில்லை. அடிமேடையே அதிர்ந்தது. இரும்பு இரண்டாகப் பிளந்து பறந்தால் யார் கதி என்ன ஆகும் என்று நினைத்ததும் ஊசி தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

புகைக்குள்ளிருந்து அக்காவின் குரல்தான் முதலில் வந்தது. "மாமனார் மூக்கைப் பொத்துங்க! யாராவது மாமனார் மூக்கைப் பொத்துங்க!"

காற்று இழுக்கும் வாயை அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஊசிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நாற்றுப் பாத்தி மேல் போட்டிருந்த ஈரச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். சின்னவர் எங்கிருந்தோ பாய்ந்து அதை அவள் கையிலிருந்து பறித்தார். நேராக எஞ்சினுக்கு முன்னால் போனார்.

"டேய் தம்பி! சக்கரத்துக்கு நேரா நிக்காதடா! இந்தப் பக்கம் வா!"

பெரியவர்தான். அவர் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. சின்னவர் ஒரு எட்டு விலகினார். சாக்கை நாலாய் மடித்து மூக்கில் வைத்து நெஞ்சால் அழுத்தினார். பெரியவர் தாவி வந்து, வால்வைத் தூக்கும் பிடியில் தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினார்.

"அண்ணே, விட்டுடாதே!"

"நீ அமுக்குடா! நான் விடமாட்டேன்!"

அலறல் விம்மலாகி, விம்மல் செருமலாகி, சக்கரங்கள் கடகடவென்று சுற்றி ஓய்ந்தன. கிணற்றுக்குள் ஒரு தவளை கத்தியது கேட்டது. சின்னவர் சாக்கோடு உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பிடியை விடவே இல்லை. அக்காதான் போய் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

முதலில் பேசியவர் பெரியவர். மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியைப் பார்த்து, "யாரை மாமனார்னு சொன்னே நீ?" என்று கேட்டார். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து இரும்புக்காரரின் லாரி வந்தது. கழற்றிக் கொடுக்க மெக்கானிக்கும் கூடவே வந்திருந்தார். நடந்ததைக் கேட்டவர் சின்னவரிடம் ஸ்பேனரை வாங்கி, அடியிலிருந்த நட்டைத் திறந்தார். எண்ணெய் கொட்டியது. ஒரு வாளி நிறைந்தது. இன்னொரு வாளி வைத்தார்கள், அதுவும் நிறைந்தது. மெக்கானிக் அண்ணாந்து அண்ணன் தம்பி இருவரையும் பார்த்தார்.

"இது எஞ்சினா, எண்ணெய்க் கடையா? டீசல் இல்லாம எப்படி ஓடுச்சுன்னு கேக்கறீங்களே, இந்த எண்ணெயைக் குடிச்சுத்தான் ஓடியிருக்கு! எவன் இவ்வளவு ஊத்துனது?"

ஊசிக்கு முகம் சிவந்தது. "நான்தான்... காலைல ஒரு டம்ளர் ஊத்துவேன். இன்னைக்கு மட்டும் ரெண்டு" என்றாள். பிறகு அக்காவைப் பார்க்காமல், "தப்பா நினைக்காதீங்க அக்கா. வீட்ல சொன்னாங்க" என்றாள்.

அக்காவின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

"அடிப்பாவி! நான் சாயங்காலம் நிறுத்தினதும் ஒரு டம்ளர் ஊத்திட்டுத்தானே ஹேண்டிலையே எடுப்பேன்! நீங்க ஊத்தமாட்டீங்கன்னு இவர் சொன்னாரு. உன்கிட்ட எப்படிடி சொல்றது, மனசு நோகுமேன்னு... நேத்து நானும் ரெண்டு ஊத்தினேன், கடைசியாச்சேன்னு!"

அண்ணனும் தம்பியும் தரையைப் பார்த்தார்கள். இத்தனை காலமும் இரண்டு வீட்டு எண்ணெயும் அந்த ஓட்டைப் பேக்கிங் வழியாக ஒன்றாகக் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. வழியை அடைத்ததும் வயிற்றில் தேங்கிவிட்டது. மெக்கானிக் பக்கத்து மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டுப் பிஸ்டன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். திரும்பவும் ஆட்டினார். விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நான் புகையை வெச்சுச் சொல்லிட்டேன். உள்ள ஒரு தேய்மானம் இல்ல. எனக்குத் தெரிஞ்சு ஒரு வீட்டு எஞ்சினுக்கே எவனும் ஒழுங்கா எண்ணெய் காட்டறதில்ல. இதுக்கு ரெண்டு வீடு காட்டியிருக்கு. நீங்க மட்டும் ஒத்துமையா இருந்திருந்தா இது எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்."

அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கிணறு எதிரொலித்தது. ஊசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அக்கா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பட்டப்பகலில், இரண்டு புருஷன்மார் கண்ணெதிரே, கையில் ஹேண்டில் இல்லாமல்.

பெரியவர் விறுவிறு என்று வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் அந்த அளவுக் கம்பி இருந்தது. தொட்டி விளிம்பில் வைக்கவில்லை. நேராகத் தம்பி கையில் கொடுத்தார்.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்டா."

"கேட்டிருந்தா" என்றார் சின்னவரும். இரும்புக்காரர் மட்டும் வெறும் லாரியோடு போக வேண்டியதாயிற்று. அக்கா டீ கொடுத்து, செங்கலில் உட்காரவைத்து, சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

அந்தச் செங்கல்தான் பாக்கி. சுவர்ப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கரண்டு மோட்டார் ஒன்று வந்தது, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக. கரண்டு இல்லாத நாளில் மாமனார்தான், அதனால் அவர் மாதத்தில் பாதி நாள் வேலையில்தான் இருந்தார். மழையில் நனையாமல் அவருக்கு ஒரு ஷெட் போட்டுவிடலாம் என்று சின்னவர் சொன்னார். செங்கல் இருக்கே என்றார் பெரியவர்.

கொத்தனார் வந்தார். கயிறு கட்டினார், மூலை பார்த்தார், முதல் வரிசை வைத்துவிட்டுக் கரண்டியைத் துடைத்தபடி கேட்டார்: "வாசல் எந்தப் பக்கம் வைக்கட்டும்? பெரியவர் வீட்டுப் பக்கமா, சின்னவர் வீட்டுப் பக்கமா?"

ஊசியும் அக்காவும் நாற்றுப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கையை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"தம்பி பக்கம் வைங்க" என்றார் பெரியவர்.

"அதெல்லாம் வேண்டாம். அண்ணன் பக்கம் வைங்க."

"டேய், நான் மூத்தவன், சொல்றதைக் கேளு."

"எப்பப் பார்த்தாலும் மூத்தவன், மூத்தவன்! உனக்கு முழங்கால் வலி இருக்கு, நீ எதுக்குச் சுத்தி வரணும்?"

"என் முழங்காலைப் பத்தி உன்கிட்ட யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது! வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு முழங்கால் வலி!"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கொத்தனார் கரண்டியைக் கலவையில் குத்திவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். அக்கா பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள். ஊசி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இருங்க அக்கா. சண்டை போடட்டும். பேசிட்டுத்தானே போடறாங்க."

அக்கா கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாத்திக்கு நகர்ந்து களையெடுக்க ஆரம்பித்தாள்.